பல்லுக்குப் போன ஆராய்ச்சி

பால்மா டின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. றுஸ்தாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அடுத்ததாக உம்மாவின் பல் பட்டது. பளபளவென்று இருந்தது.

"உம்மா, இந்த டின்னுக்குள்ள கிடந்த கறுத்தத் தூள் எங்க?"

"உமிக்கரிதானே மகள்? எங்க வாங்கின நீ?" சுஹறா வெங்காயம் உரித்தபடியே சிரித்தாள். "விடியப் பல்லு விளக்கிப் பார்த்தன். நல்ல சாமான். நாம மட்டும் வெச்சித் தேய்க்கிறது சரியில்லயெண்டு, பேப்பர்ல சரை கட்டி ஏழு ஊட்டுக்கும் குடுத்த நான்."

சாய்ந்தமருதில் அவர்களுடைய ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு நல்லதாக எது வந்தாலும் மற்ற ஏழு வீட்டுக்கும் போகும். மீன் வந்தால் மீன், மாம்பழம் வந்தால் மாம்பழம். போகாத நாளில் சுஹறாவுக்குச் சோறு இறங்காது.

றுஸ்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது பல்லு விளக்குறதுக்கு இல்ல உம்மா. அது என்ட மூணு மாச வேலை."

வாப்பா மீராசா நாவிதன்வெளியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அந்த ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும் உமியைத்தான் அவள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துச் சூளையில் கரியாக்கினாள். அந்தக் கரியில் கொஞ்சம் நிக்கல் ஏற்றித் தகட்டில் பூசித் தண்ணீருக்குள் வைத்து மின்சாரம் விட்டால், தண்ணீர் பிரிந்து ஐதரசன் வரும். பிளாட்டினம் செய்கிற வேலையை வயற்கழிவு செய்யும் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டுக் குழுவுக்கு முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும். தவறினால் ஆய்வுப் பதிவு ரத்து. அந்தக் குடும்பத்திலேயே பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் அவள். ஏறும்போது பார்த்த ஊர் இறங்கும்போதும் பார்க்கும்.

ஆய்வுகூடத்து அரிதட்டு கிழிந்துபோயிருந்தது. உம்மாவின் மா அரிதட்டில் அரித்துக்கொள்ளலாம் என்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்திய கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டின்னை அள்ளிக்கொண்டு வந்தாள். வந்ததும் படுத்தவள் சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் எழும்பினாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்று கத்தினாள் றுஸ்தா.

"கிழமை முழுக்க நித்திரையில்லாமப் படிச்ச புள்ளய, ஒரு பிடி கரிக்காக எழுப்புறயா?"

 றுஸ்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே பஸ்மினா, அவள் அக்கா முறை வைத்துத் 'தாத்தா' என்று கூப்பிடுகிறவள்.

"பஸ்மினா தாத்தா, உம்மா தந்த கரியத் திருப்பித் தாங்க."

"இதென்ன கா புதுப் பழக்கம், குடுத்ததத் திருப்பிக் கேக்குற? பின்னேரம் மாப்பிள்ளை ஊட்டார் வாறாங்க. என்ட மகள்ற பல்லுக்கு வெச்சிருக்கன். பல்கலைக்கழகம் போனா இப்பிடியா கை சுருங்கும்?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவளுக்குக் கோபம் ஏறியது. யோசிக்காமல் சொன்னாள்: "அது நஞ்சு தாத்தா."

கரி உடனே கைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். கரி வரவில்லை. செய்திதான் போனது. பத்து நிமிடத்தில் ஏழு வீட்டுக் கிணற்றடியிலும் வாய் கொப்பளிக்கும் சத்தம். ஏழு சரையும் வடிகானுக்குள் போயின. ருசி பிடித்துப்போய் மூன்று தரம் விளக்கியிருந்தவர், அந்த ஏழு வீட்டாரில் மூத்தவரான றஸாக் காக்கா, வாயை மூடப் பயந்து, திறந்தபடியே ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு சுத்தமான பல்லைத் தான் கண்டதில்லை என்று திருப்பி அனுப்பினார்.

"நஞ்சில்ல காக்கா, நான் கோவத்தில பொய் சொன்ன நான்," என்றாள் றுஸ்தா.

"நஞ்செண்டு சொல்லக்குள்ளயும் நீதான் சொன்ன. இல்லயெண்டும் நீதான் சொல்ற. எதை நம்புற?"

அசர் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வந்த மீராசா முழுக் கதையையும் கேட்டார். மகளை ஒரு சொல் ஏசவில்லை. கை கால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி இருமியது.

"ஓர் அறிவித்தல். மீராசா அவர்களின் மகளுடைய படிப்புக்குரிய உமிக்கரி தவறிவிட்டது. உமிக்கரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அவருடைய வீட்டில் ஒப்படைக்கவும்."

"வாப்பா," என்றாள் றுஸ்தா திரும்பி வந்தவரிடம், "என்ட கரியத் தரச் சொல்லத்தானே வேணும். உமிக்கரி வெச்சிருக்கிற எல்லாரையும் வரச் சொல்லியிருக்கீங்க."

"வரட்டுமே. ஆருக்கு நட்டம்?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வாசலில் வரிசை நின்றது. போத்தல், ஜாடி, சிரட்டை, வாளி. ஒருத்தி புத்தம்புதிதாகச் சுட்டு, சூடு ஆறாமலே கொண்டுவந்திருந்தாள். காரைதீவிலிருந்து மீனாம்பிகை அக்கா ஒரு பானையோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். "உங்கட ஸ்பீக்கர் எங்கட ஊருக்கும் கேட்கும் தங்கச்சி. பிள்ளையள்ற படிப்புக்கு ஊர் என்ன, சமயம் என்ன?" பஸ்மினா தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு போத்தலை நீட்டினாள். "இது மாப்பிள்ளை ஊட்டார் தந்துவிட்டது. கலியாணம் சரி வந்திட்டு." றஸாக் காக்காவும் வந்தார். வாயை மூடியிருந்தார்.

நாற்பத்து மூன்று வீட்டுக் கரி. அதில் அவளுடையது ஒரு சிட்டிகையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொண்டுவந்த ஒருவரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "துஆச் செய்யிறம் புள்ள," என்றுவிட்டுப் போனார்கள். கத்துவதற்கு ஓர் ஆள் அகப்படாமல் போனது றுஸ்தாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேறு வழி தெரியாமல் அழுதாள்.

"அழுதா கரி ஈரமாகும்," என்றாள் சுஹறா. "அரிதட்டக் கொண்டா."

உம்மா அரித்தாள். வாப்பா கந்தூரிச் சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தார். மகள் எல்லா வீட்டுக் கரியையும் ஒன்றாகக் கொட்டி, அதிலிருந்த உப்பும் சாம்பலும் போகும்வரை கழுவினாள். திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் அமிலத்தில் ஊறவைத்து நிக்கல் ஏற்றினாள்.

செவ்வாய்க்கிழமை, கொழும்பிலிருந்து வந்த பேராசிரியருக்கு முன்னால் மின் ஆளியைப் போட்டாள். தகட்டைச் சுற்றிப் பொசுபொசுவென்று குமிழி கிளம்பியது. அவளுடைய பழைய மாதிரிகள் எல்லாவற்றையும் விடக் குறைந்த மின்னழுத்தத்தில்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "எத்தனை பாகை வெப்பத்தில் சுட்டது?"

ஒரு பொய்யால் பட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு. "தெரியாது சேர். என்ட கரி துலைஞ்சி போச்சி. இது நாப்பத்திமூணு ஊட்டு அடுப்புக் கரி. பாகைய அந்த உம்மாமார்ட்டதான் கேக்கணும்."

 பேராசிரியர் மெதுவாகச் சொன்னார்: "அப்படியென்றால் இதற்கு நமது சூளையே தேவையில்லை. அடுப்பு உள்ள எந்த ஊரிலும் செய்யலாம். இதைத்தான் நீங்கள் முதலில் எழுதித் தந்திருக்க வேண்டும்." பதிவு நீடிப்புக் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்து விழுந்தது.

குழு போனதும் றுஸ்தா வீட்டுக்கு அழைத்தாள். "உம்மா, நீங்க அதத் தூக்கிக் குடுத்ததாலதான் இவ்வளவும். நான் கத்தினத மன்னிச்சிருங்க."

"அல்ஹம்துலில்லாஹ். கரி தந்த ஆக்கள்ற பேரையும் உன்ட புத்தகத்தில எழுது மகள். ஒருத்தரையும் விட்டிராத."

அவள் அங்கேயே உட்கார்ந்து நன்றிப் பக்கத்தை எழுதத் தொடங்கினாள். முதல் வரி: 'என் மூன்று மாத உழைப்பை, என்னவென்று அறியாமலே ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்த உம்மாவுக்கு.' எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆய்வுகூட உதவியாளர் புண்ணியமூர்த்தி அண்ணன் உள்ளே வந்தார். கோயில் திருவிழாவுக்கென்று வெள்ளிக்கிழமை பின்னேரம் லீவில் போனவர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கையில் அதே மாதிரி இன்னொரு பால்மா டின். அதை அவளுடைய மேசையில் பத்திரமாக வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அவசரத்தில உங்கட கரியக் கை கழுவுற இடத்தில மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்க மிஸ், நான்தான் என்ட மேசை லாச்சிக்குள்ள வெச்சிப் பூட்டின நான். அது கிடக்கட்டும், நீங்க எடுத்துட்டுப் போன என்ட பல்பொடி எங்க?"