யூரியா வாளியும் தாய்மாமன் மடியும்

மதுரை ஜில்லாவில் எது தானாக நடக்கும், எது தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் நீதிபதியும் இல்லை, ஜோசியரும் இல்லை. பசுமலைப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். எதைக் கேட்டாலும் கையில் கிடைத்த காகிதத்தில் டெல்டா என்கிற முக்கோணக் குறியைப் போட்டு, பக்கத்தில் 'ஜி' என்று எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதனால் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'டெல்டா'தான்.

அந்த 'ஜி' கணக்கு மைனஸில் வந்தால் காரியம் தன்னிச்சையாக நடக்கும். ப்ளஸில் வந்தால் தானாக நடக்காது. ரசாயன வினைகளுக்கு உண்டான இந்த விதியை டெல்டா டவுன் பஸ், கல்யாணம், மழை, மேனேஜர் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக நீட்டியிருந்தார்.

கேன்டீனில் டீக்குச் சர்க்கரை போடுவார். ஸ்பூனைத் தொடமாட்டார்.

"கரையிறது தன்னிச்சைண்ணே. அதுக்கு எதுக்குக் கை வலிக்கணும்?"

தானாக நடக்கும் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, டீ ஆறுவதற்குள் நடக்கும் என்று சொல்லவில்லை. முதல் மடக்கு கஷாயம், கடைசி மடக்கு பாகு. எனக்குத் தெரிந்து மூன்று வருடம் இப்படியே குடித்தார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

அவருடைய மேஜையைப் பார்த்து மேனேஜர் ஒருமுறை தலையில் கைவைத்தார். "என்னய்யா இது, குப்பைமேடு மாதிரி?"

"மேஜை கலையிறது இயற்கை சார். அடுக்குறதுதான் இயற்கைக்கு விரோதம்."

"அப்ப உனக்கு இன்க்ரிமென்ட் போடுறது?"

டெல்டா உண்மையாகவே யோசித்தார். "அதுவும் தானா நடக்காது சார்."

ஒரு சித்திரையில் கரண்ட் போய், வாட்டர் கூலர் நின்று, நாங்கள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தோம். டெல்டா தன் ஊரான எழுமலையில் வயலுக்குப் போட்டது போக மிஞ்சிய யூரியாவை மொபெட்டில் கொண்டுவந்திருந்தார். அரை வாளித் தண்ணீரில் அதைக் கொட்டி, நாலு சோடா பாட்டிலை உள்ளே இறக்கினார். சற்று நேரத்தில் வாளியின் வெளிப்பக்கம் வியர்த்தது. சோடா ஜில்லென்று இருந்தது.

ஸ்டோர்ஸ் பார்க்கும் ரஃபி பாய் வாளியைத் தொட்டுப் பார்த்து, "யா அல்லா, எப்படித் தம்பி இது?" என்றார்.

"சூட்ட வெளிய விட்டாத்தான் ஒரு வினை தானா நடக்கும்னு நெனைக்கிறோம் பாய். இது சூட்ட உள்ள இழுக்குது, ஆனாலும் தானா கரையுது. ஏன்? இம்புட்டு நாளா கட்டியாக் கிடந்தது, தண்ணிக்குள்ள கலைஞ்சு பரவப் பாக்குது. அந்தக் கலைச்சலுக்குப் பேருதான் என்ட்ரோபி. வெக்கை ஏற ஏற அதுக்கு மவுசு ஜாஸ்தி. சூட்டையும் கலைச்சலையும் கூட்டிக் கழிச்சா வர்றதுதான் கட்டிலா ஆற்றல், நான் எழுதுற 'ஜி'. சூட்ட மட்டும் பாத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது."

கைதட்டினோம். வாட்ச்மேன் அந்த வாளியை மேனேஜர் வளர்த்த ரோஜாச் செடிகளுக்கு ஊற்றிவிட்டார். இரண்டே நாளில் அத்தனையும் கருகிப்போனது வேறு கதை.

இப்படிப்பட்டவர் சொந்த விஷயத்தில் கோட்டைவிட்டார். தங்கை செல்வியின் வீட்டுக்காரர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "வீடு தானா எழும்பாது. ஆனா தானா இடிஞ்சிரும்" என்று ஊருக்கே விளக்கியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது என்ட்ரோபி. மச்சானைப் பொறுத்தவரை சாபம். இலையோடு எழுப்பிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அதன் பிறகுதான் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகளை டெல்டா போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் செல்வி போன் செய்தாள். அழுகை எங்களுக்கே கேட்டது.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. நீ வரலைன்னா வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திருவாக. கூடப் பொறந்த மாமன் நீ இருக்கையில நான் அந்தச் சபையில எப்படிண்ணே நிப்பேன்?"

டெல்டா போனை வைத்துவிட்டு முக்கோணம் போட்டார். "ப்ளஸ். மச்சானுக்குக் கோவம், எனக்கும் கோவம். தானா நடக்காதுண்ணே. நான் போகல."

எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பேன். ரஃபி பாய் முந்திக்கொண்டார்.

"தம்பி, சூட்ட மட்டும் பாக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு? இங்க ரெண்டு பேரோட சூட்ட மட்டும்தானே போட்டிருக்கீங்க? காலையில இருந்து அந்தப் புள்ள போட்டோவ எத்தன தடவ பாத்தீங்க? அத எங்க எழுதியிருக்கீங்க?"

டெல்டா மறுபடி பேனாவை எடுத்தார். பாய் விடவில்லை.

"இன்னொண்ணு. யூரியா மூட்டையிலயே கிடந்தா எப்படிக் கரையும்? வாளியில போட்டாத்தானே? கெளம்புங்க, கம்பெனி வேன நான் ஓட்டுறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு, சீர்த்தட்டோடு மூவரும் எழுமலைப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய குலதெய்வக் கோவிலுக்குப் போய் இறங்கினோம். மச்சான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டெல்டா வாயைத் திறந்தார். முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் கதை முடிந்தது.

"மச்சான், அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்தத் தப்பு? மேக்குச் செவரு விரிசல் விட்டிருச்சு."

தான் சொன்னது பலித்தும் டெல்டா விளக்கம் சொல்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை வாரேன் மச்சான். சேந்து பூசிருவோம்" என்றார்.

மச்சான் மூக்கை உறிஞ்சினார். பிறகு செல்வியின் இடுப்பிலிருந்த குழந்தையைத் தானே வாங்கி, டெல்டாவிடம் நீட்டினார். "வந்து உக்காருங்க. ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு."

மடியில் மருமகளை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அழகைச் சொல்லவேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆசாரி காது குத்தியதும் குழந்தை வீறிட்டது. டெல்டா அதைவிடச் சத்தமாக அழுதார். குழந்தை பயந்து தன் அழுகையை நிறுத்திவிட்டு, இந்த மாமனுக்கு என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்த்தது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கிடா விருந்து, நல்ல பசி வேறு. நான் போகவில்லை. அந்த மனிதரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம் போலிருந்தது.