தலையாட்டி அண்ணனின் அம்பாசடர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வரை ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே காரோட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருத் தலையாட்டி அண்ணன்.

ஸ்கூல் வாசலில் இருப்பது 'மாமனார்'. மரியாதையாக மெதுவாகப் போனால் ஒன்றும் செய்யாது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் அடுத்தடுத்து மூன்று, அவை 'நாத்தனார்கள்'. ஒன்றைச் சமாளித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரத்தநாடு தாண்டி ஒன்று உண்டு. வெள்ளைக்கோடு கிடையாது, போர்டு கிடையாது, புளியமர நிழலில் பதுங்கிக் கிடக்கும். அது 'தாசில்தார்'. "எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியாது சார். வந்துட்டா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துரும்" என்பார்.

அப்போது நான் உத்தியோக மாற்றலில் வந்து தஞ்சாவூர்க் கரந்தையில் வாடகைக்கு இருந்தேன். எதிர்வீடு அண்ணனுடையது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். ஆனால் எந்நேரமும் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் ஒரு பழைய வெள்ளை அம்பாசடருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகள் அந்தக் கால்களிடம்தான் பேசுவார்கள். "அண்ணே, நாத்து காயுதுண்ணே" என்றால், "சாயங்காலம் வந்து எடுத்துக்க" என்று கால்கள் பதில் சொல்லும். சொன்னபடி சாயங்காலம் மோட்டார் ஓடும். அதனால்தான் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அந்தக் காரை ஏதோ ஒரு ரைஸ்மில் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த நிலையில் மீட்டு வந்திருந்தார். எதற்கு? அவர் மனைவி முத்துலட்சுமி அக்காவுக்காக.

அக்காவுக்கு அதிராம்பட்டினம். மீன்பிடிக் குடும்பம். அப்பாவோடு படகில் ஏறி வளர்ந்தவள். அலை எவ்வளவு அடித்தாலும் படகில் உட்கார்ந்து சோற்றுமூட்டையைப் பிரித்துச் சாப்பிடுவாளாம். ஆனால் பஸ்ஸோ காரோ, நான்கு சக்கரம் இருக்கிற எதில் ஏற்றினாலும் சூரக்கோட்டை தாண்டுவதற்குள் வாந்தி. எலுமிச்சம்பழம், மாத்திரை, ஜன்னலோரம், எதுவும் பலிக்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் படுக்கை. சொந்தத் தம்பி கல்யாணத்தில்கூடத் தாலி கட்டும் நேரத்தில் உள்ளறையில் பாய்மேல் கிடந்திருக்கிறாள். ரயிலில் சுற்றிக்கொண்டு போகலாமே என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"வண்டியில இருக்கு சார் கோளாறு. அவ வயித்துல இல்ல." இதுதான் அவர் கட்சி. டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார், நான் சொன்னாலும் கேட்கமாட்டார். யார் பேச்சுக்கும் தலையாட்டாத அந்த மனிதருக்குப் போய்த் தலையாட்டி என்று பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு பொம்மை. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைதான். தொந்தியும் தொங்குமீசையுமாக ஒரு பெரியவர். அதை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்தார். வேகத்தடை ஏறி இறங்கியதும் பொம்மையின் தலை எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று சத்தமாக எண்ணுவார். ஆரம்பத்தில் ஒன்பது. "மூணுக்குள்ள நின்னுட்டா இவளைக் கன்னியாகுமரிக்கே கூட்டிட்டுப் போவேன் சார்!"

சோதனை ஓட்டத்துக்கு நிரந்தரப் பயணி நான். "பின்னாடி ஒரு வெயிட்டு வேணும் சார். நெல்லு மூட்டை வெச்சா ஏத்தி எறக்க ஆள் தேடணும். நீங்கன்னா நீங்களா ஏறி நீங்களா எறங்கிக்குவீங்க." அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஏறுவேன். ஓட்டம் முடிந்ததும் அக்கா கையால் கிடைக்கும் மீன் குழம்பு அப்படி.

முதல் சோதனையில்தான் பெரிய தப்பு நடந்தது. படகில் வாந்தி வராதவளுக்குக் காரைப் படகுபோல ஆக்கிவிட்டால் போதுமே என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. பின்சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளில் இரண்டை உருவி எறிந்தார். வண்டி மெத்தென்று ஆகிவிட்டது. அடேயப்பா, என்ன மிதப்பு! பெரிய கோயிலைத் தாண்டும்போது இடப்பக்கம் சாய்ந்தது, மேம்பாலத்தில் வலப்பக்கம் சாய்ந்தது, பிரேக் போட்டால் மூக்கால் ரோட்டை முகர்ந்தது. அன்று சூரக்கோட்டைவரை போகவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மேம்பாலம் இறங்குவதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். பின்னாலேயே நானும்.

"ஏங்க, கடல்ல அலை வர்றது கண்ணுக்குத் தெரியும். ஒடம்பு தயாரா இருக்கும். உங்க வண்டியில எந்தப் பக்கம் சாயப் போவுதுன்னு சாமிக்கே தெரியாது" என்றாள் அக்கா, முகத்தைக் கழுவிக்கொண்டே.

மறுவாரம் நேரெதிர். உருவிய பட்டைகளையும் போட்டு, டிராக்டர் டிரெய்லரிலிருந்து இன்னும் ஒரு பட்டையையும் சேர்த்துப் பூட்டினார். வண்டி சாயவில்லை. சாய்வதற்கு அதில் எதுவுமே அசையவில்லையே! ரோட்டில் கிடந்த ஒரு புளியங்கொட்டைகூட என் முதுகெலும்புக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போனது. அக்கா பாதியில் இறங்கி, "நான் நடந்தே வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் திடீரென்று எழுந்து நின்றார். "சார், அவ சொன்னதுதான் சார் விஷயம்! குலுக்கல் வேற, ஆட்டம் வேற. குலுங்கினா இடுப்புதான் வலிக்கும். ஆடினாத்தான் கொமட்டும். நான் குலுக்கல மட்டும் பாத்துக்கிட்டு ஆட்டத்த விட்டுட்டேன்."

அதற்கப்புறம் அவர் செய்தது நிஜமான வேலை. பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு நீளமான புது ஷாக் போட்டார். வளைவில் வண்டி சாயாதபடி இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் கைகோத்துப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி ஒன்றை லேத் பட்டறையில் உட்கார்ந்து தன் கண்முன்னால் வளைத்து வாங்கினார். ரேடியல் டயர் போட்டார். தேய்ந்துபோன ரப்பர் புஷ் அத்தனையையும் மாற்றினார். ஸ்டியரிங்கில் முன்பெல்லாம் கால் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். இப்போது தொட்டால் திரும்பியது. பொம்மை ஒன்பதிலிருந்து ஏழுக்கு வந்தது, ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் தம்பியிடமிருந்து போன். புதுப் படகு வாங்கியிருக்கிறான், வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் கடலில் இறக்குகிறான். "அக்கா, நீதான் தேங்கா ஒடைக்கணும். ஆனா நின்னுக்கிட்டு ஒடைக்கணும்க்கா. என் கல்யாணத்துல மாதிரி படுத்துக்காத" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டானாம். அக்கா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியை விட்டு வரவில்லை.

அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஐந்து, ஐந்து, ஐந்து. திங்கட்கிழமை ஐந்து, செவ்வாய்க்கிழமை ஐந்து. புதன்கிழமை காலையில் ஓர் அதிசயம். மாமனார்மேல் ஏறி இறங்கினோம். பொம்மை இரண்டே ஆட்டம் ஆடி நின்றது! நாத்தனார்கள்மேல் ஏறினோம். அங்கும் இரண்டு! அண்ணன் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். பொம்மையின் கழுத்தில் நீலப் பட்டுத்துணியில் சின்னதாக ஒரு துண்டு கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அக்கா கட்டியதாம். அவளுக்கும் பொம்மைமேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். முன்சீட்டில் அக்கா, மடியில் பாலிதீன் பை, கையில் எலுமிச்சம்பழம். பின்சீட்டில் வெயிட்டாக நான். சூரக்கோட்டை வந்தது. மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. சூரக்கோட்டை போயிற்று. வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் நட்டு முடித்த வயல்கள். ஒரத்தநாடு வந்தது, ஒரத்தநாடும் போயிற்று. அண்ணன் வெற்றிக் களிப்பில் எல்லாப் பெயரையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

தடால்!

தாசில்தார் வந்துவிட்டார். என் தலை கூரையில் இடித்தது. அந்த அடிக்குப் பொம்மையின் தலை கழன்று விழுந்திருக்க வேண்டும். அதற்கும் இரண்டே ஆட்டம்தான். நீலத்துண்டு மட்டும் நழுவியது. கழுத்துக்குள்ளிருந்து வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். பஞ்சை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

"யாரு வேல இது?"

"நான்தான்" என்றாள் அக்கா. "அஞ்சு அஞ்சுன்னு தூக்கத்துல பெனாத்துறீங்க. ஒரு வாய் சோறு எறங்கல உங்களுக்கு. வாந்தி வந்தா வந்துட்டுப் போவுது, எனக்குப் பழக்கந்தானே? எப்படியாச்சும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னு ஒடைச்சிருவேன். நீங்க நிம்மதியா இருந்தாப் போதும்னு வெச்சேன்."

அண்ணன் பஞ்சை மடியில் போட்டுக்கொண்டு, ரிவர்ஸ் கியர் போட்டு, மறுபடி தாசில்தாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "அண்ணே, நல்ல நேரம் போவுதுண்ணே!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. ஏறினார், இறங்கினார், எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் பாடும் வீண் என்பதுபோல ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க, அங்க வடை போடறான்" என்றாள் அக்கா.

அண்ணன் நிமிர்ந்தார். "என்னது?"

"அந்தக் கடையிலங்க. சூடா உளுந்து வடை. ரெண்டு வாங்கிட்டு வாங்க, பசிக்குது."

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. ஒரத்தநாடு தாண்டியாகிவிட்டது. தாசில்தாரை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. பாலிதீன் பை மடித்தபடியே கிடக்கிறது. காரில் உட்கார்ந்துகொண்டு முத்துலட்சுமி அக்கா வடை கேட்கிறாள்! அண்ணன் நான்கு வடை வாங்கி வந்தார். அவள் தின்று முடிக்கிறவரை பொம்மையைப் பார்க்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அக்கா கடற்கரை மணலில் நேராக நடந்துபோய், கற்பூரம் கொளுத்தி, ஒரே போடு. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. தம்பி அக்காவைத் தூக்கிப் படகில் நிறுத்தினான். அவள் அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

திரும்பும்போது அண்ணன் மடியிலிருந்த பஞ்சை உருட்டி, பொம்மையின் கழுத்துக்குள் பத்திரமாகச் சொருகி, நீலத்துண்டையும் கட்டிவிட்டார். "அப்புறம் எப்படிண்ணே எண்ணுவீங்க?" என்றேன். "அவ வெச்சது சார், இருக்கட்டும்" என்றார்.

மாற்றலாகி நான் அந்த ஊரை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அம்பாசடர் இன்னும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை அதிராம்பட்டினம் போய் வருகிறார்கள். போன வாரம் அண்ணன் போன் செய்தார்.

"சார், நம்ம தெருமுனையில புதுசா ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்காங்க. நல்லா அகலம், கொழுகொழுன்னு, யாருக்கும் ஒரு தொந்தரவு கெடையாது. உங்க பேரத்தான் வெச்சிருக்கேன்."

ஊரில் என் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அதுதான். அப்புறம் அக்கா போனை வாங்கிச் சொன்னாள்: "தெனமும் அதுகிட்ட வந்தா வண்டிய நிறுத்தி, 'வர்றேன் சார்'னு சொல்லிட்டுத்தான் ஏத்துறாருங்க."