உள்ளே போய் வெளியே வரும் கோடு

ஒரு நகரம் நாகரிகம் அடைந்துவிட்டதா இல்லையா என்பதை அதன் சுவர்களின் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நகர எழில் துறையின் இயக்குநர் கண்டுபிடித்தார். இதற்காக அவர் பல நாடுகளுக்கு அரசுச் செலவில் போய் வர வேண்டியிருந்தது. உள்ளூரில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கக்கூடிய விஷயமா அது?

போன இடமெல்லாம் அவர் ஒரு கோட்டைப் பார்த்தார். நேராகப் போகும். சட்டென்று மடங்கும். மறுபடி மடங்கி, சதுரம் சதுரமாகத் தனக்குள்ளேயே சுருண்டு, அங்கிருந்து திரும்பி வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல மேலே நடக்கும். பழைய பானையின் கழுத்தில் அது இருந்தது. அரண்மனைத் தரையில், அரசர்களின் கல்லறையில், கம்பள விளிம்பில், மரச் சாளரத்தில், கூடையில் இருந்தது. ஒருவரையொருவர் கண்டிராத மனிதர்கள், நடுவே கடலும் மலையும் கிடக்க, கையில் ஒரு குச்சி அகப்பட்டதும் இதே கோட்டைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். நினைத்தால் யாரும் அதை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார்கள். இயக்குநர் தடவவில்லை. அவருக்கு ஒரு சுற்றறிக்கை தோன்றியது.

முன்னேறிய நாடுகளில் எல்லாம் இந்தக் கோடு இருக்கிறது. ஆகவே இந்தக் கோடு இருந்தால் முன்னேறலாம் என்பது சுற்றறிக்கையின் சாரம். அந்த நாடுகளில் மூடிய சாக்கடையும் இருந்ததே என்று கேட்ட உதவி இயக்குநர், மறுவாரமே சாக்கடைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

கோட்டுக்குத் ‘தொடர் சதுரச் சுழல் ஓர அலங்காரம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஜனங்கள் கட்டச்சுருள் என்றார்கள். தெருவைப் பார்த்த சுவர் ஒவ்வொன்றிலும் அது இடுப்பு உயரத்தில் ஓட வேண்டும். மனிதன் பெல்ட் கட்டும் இடத்தில் கட்டிடமும் கட்டுவதே முறை. ‘ஓரம் எவ்விடத்தும் அறுபடலாகாது’ என்று ஒரு விதியும் இருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பொத்தான் கடைக்காரம்மாவும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. மேலங்கிக்குப் பெரிய பொத்தான் இரண்டு வேண்டுமென்று ஒருவர் வந்து கேட்க, அவள் கணவர் மேல்தட்டுப் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினார். பெட்டி வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். பொத்தான் கேட்டவர், “பரவாயில்லை, அவசரம் ஒன்றுமில்லை” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை மடக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

இதற்குள் தெருவில் ஓரம் போட்டு முடித்தார்கள். சுவரில் ஓடி வந்த கோடு கதவு வந்ததும் கதவின்மேல் ஏறி, அந்தப் பக்கச் சுவரில் இறங்கிப் போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, யாரும் கதவைத் திறக்காதவரை. திறந்தால் கோடு அறுந்தது. எனவே வெளிச்சம் இருக்கும் நேரத்தில் கதவைத் திறக்கலாகாது என்று ஆணை வந்தது. திருட்டுத்தனமாகத் திறந்தவர்களை உத்தேசித்து, கதவுகளின் குறுக்கே மரச்சட்டம் அடிக்கப்பட்டது. திறக்க முடியாத கதவைக் கதவென்று எப்படிச் சொல்வது? பதிவேட்டில் எல்லாக் கதவுகளும் சுவர் என்று திருத்தப்பட்டன. ஜன்னல்கள் இடுப்புக்கு மேலே இருந்ததால் துறைக்கு அவற்றோடு சண்டை இல்லை. ஏறி இறங்க வீட்டுக்கு ஒரு முக்காலி இலவசமாகக் கொடுத்தார்கள்.

முதலில் தெரு கொதித்தது. பிறகு ஒரு நாள் எதிர்வீட்டு மெத்தைக்காரர் மனைவி ஜன்னலில் முகம் வைத்துப் பொத்தான் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, சேதி தெரியுமா? எங்க நாத்தனார் வந்தா. ஜன்னலைப் பார்த்தா. முழங்காலைத் தடவிப் பார்த்தா. அப்படியே திரும்பிப் போயிட்டா! எத்தனை வருஷமா வேண்டிக்கிட்டிருந்தேன்!”

“எனக்கு என் வீட்டுக்காரரை உள்ள கொண்டு வரணுமேடி.”

“ஜன்னல் வழியா தள்ளிவிட வேண்டியதுதானே?”

“மனுஷனா, மெத்தையா?”

பொத்தான் கடைக்காரம்மா நகர எழில் துறைக்குப் போனாள். அங்கேயும் ஜன்னல்தான். கடைநிலை ஊழியர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தும்மா, வலது கால், ஆங், இப்ப இடது கால்” என்று பழகிய கையால் அவளை உள்ளே இறக்கினார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரே ஒரு மணி நேரம் சார். வாசலைத் திறந்து அவரை உள்ள கொண்டு போனதும் மூடிடறேன்.”

“எந்த வாசலை?”

“என் வீட்டு வாசலைத்தான்.”

இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். “உங்க வீட்டுக்கு வாசல் இல்லையேம்மா. நாலு பக்கமும் சுவர்னு இருக்கு.”

“அப்ப என் வீட்டுக்காரர் வெளிய போனது எப்படி சார்?”

அது நியாயமான கேள்வி. இயக்குநர் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். கண்ணை மூடி யோசித்தார்.

“சுவர் வழியாத்தான் போயிருக்கணும்.”

“சரி.”

“சுவர் வழியா வெளிய போன ஒருத்தரை, அதே சுவர் வழியா உள்ள வரக் கூடாதுன்னு தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. தாராளமா வரட்டும். ஓரத்துக்கு மட்டும் சேதம் வரக் கூடாது.”

இதையே ஆணையாகத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டும் கொடுத்தார். ‘மேற்படி நபர் தம் இல்லச் சுவரினூடே பிரவேசிக்க இத்துறைக்கு ஆட்சேபணை இல்லை.’ அப்படி ஓர் ஆணை அந்தத் துறையில் அத்தனை விரைவாக யாருக்கும் கிடைத்ததில்லை என்று ஊழியர் அவளை ஜன்னலில் ஏற்றிவிடும்போது வியந்தார்.

வியாழக்கிழமை அவள் தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றாள். அழுகை வருகிற நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. விரல் தானாகக் கோட்டைத் தடவிக்கொண்டு போயிற்று. கோடு நேராகப் போனது. எதையோ மறந்துவிட்டு வந்தவள்போலத் திரும்பியது. உள்ளே போய், இன்னும் உள்ளே போய், எடுத்துக்கொண்டு வந்தாற்போல வெளியே வந்தது. எங்கும் அறுபடவில்லை.

அவள் பெயின்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினாள்.

“அண்ணே, இந்தக் கோடு உள்ள போய்த்தானே வெளிய வருது?”

“ஆமாம்மா, அதோட குணமே அதுதான்.”

“அப்ப என் வீட்டுக்குள்ளயும் ஒரு நடை போயிட்டு வரட்டுமே. நிலைகிட்ட திரும்பி உள்ள போகட்டும், அறையைச் சுத்தட்டும், அந்தப் பக்க நிலை வழியா வெளிய வரட்டும்.”

“நடுவுல சமையலறை வாசல் குறுக்க வருதே?”

“அதுக்குள்ளயும் போயிட்டு வரட்டும்.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “விதியில இப்படிப் போடச் சொல்லலையே.”

“போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா?”

“அதுவும் சொல்லலை.”

“வேற என்ன வேணும்? சட்டத்தைக் கழட்டுங்க.”

வெள்ளிக்கிழமை காலை, கதவு சுவரோடு சாய்ந்து திறந்திருக்க, சக்கர நாற்காலியில் காலைப் பீரங்கிபோல் நீட்டிக்கொண்டு கணவர் வீட்டுக்குள் வந்தார். அந்தக் கால் எங்கும் இடிக்கவில்லை. கட்டிலில் படுத்ததும், “அப்பாடா, நம்ம வீடு” என்றார். அவள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, ஆற அமர அழுதாள்.

மதியமே யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இயக்குநர் நேரில் வந்தார். கோட்டின் பின்னாலேயே உள்ளே நுழைந்தார், கட்டிலைச் சுற்றினார், சமையலறைக்குப் போனார், கொதிக்கிற பாத்திரத்தை எட்டிப் பார்த்தார், குளியலறைக்கும் போய்விட்டு வெளியே தெருவில் வந்து நின்றார். தெருவே ஜன்னல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்கயும் அறுபடலை,” என்றார் இயக்குநர். அவர் கண் கலங்கியிருந்தது. “வெளிய மட்டும் ஓடற ஓரம் அரைகுறைன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.”

திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. ஓரம் ஒவ்வோர் இல்லத்தினுள்ளும் புகுந்து, எல்லா அறைகளையும் கண்டு வெளிவர வேண்டும். கதவைச் சாத்தினால் ஓரம் நசுங்கும். ஆகவே கதவை எந்நேரத்திலும் சாத்தலாகாது. ஓரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர்கள் அதனைத் தொடர்ந்து உள்ளே வருவார்கள்; அவர்களுக்குத் தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மெத்தைக்காரர் மனைவி அன்றே சண்டைக்கு வந்தாள்.

“நல்லா இருங்கக்கா! உங்க வீட்டுக்காரரைக் கொண்டு வர்றேன்னு ஊரையே கொண்டு வந்துட்டீங்க. எங்க நாத்தனார் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே நேரா அலமாரி வரைக்கும் வந்துட்டா!”

“நான் என்னடி கண்டேன்? எனக்கு அவர் வந்தா போதும்னு இருந்துச்சு.”

“இனிமே புருஷன் பெண்டாட்டி நிம்மதியா ஒரு சண்டை போட முடியுமா?” என்றவள், கோபத்திலேயே சுவரைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். “ஏங்கக்கா, மூலையில உங்களுக்கு ஒரு சுத்துதானா? எங்க மேஸ்திரி ரெண்டு சுத்து போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார்.”

அதோடு ஊரின் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. யார் வீட்டில் எத்தனை சுற்று, யார் வீட்டில் நீலம், யார் வீட்டில் செம்பு நிறம் என்பதே பேச்சு. மூன்று சுற்றுக்காரர்கள் ஒரு சுற்றுக்காரர்கள் வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். எல்லோரும் எல்லோர் வீட்டுக்குள்ளும் கோட்டைத் தொடர்ந்து போய், சுற்றி, உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே வந்தார்கள். கதவு என்ற ஒன்று இருந்ததை, மழைச் சாரல் அடிக்கிற நாளில் மட்டும் சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு சாரல் நாளில் பொத்தான் கடைக்காரம்மா வீட்டில் மேற்பார்வையாளரும், மெத்தைக்காரர் மனைவியும், அவள் நாத்தனாரும், முன்பின் தெரியாத இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். கணவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

“ஏம்மா.”

“என்னங்க?”

“நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இந்த ஊருக்கு என்ன ஆச்சு?”

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவள் அவரைப் பார்த்தாள். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகலைங்க,” என்றாள். “அந்தக் காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வைங்க. ஓரத்தை மறைக்குது.”