நீல பாட்டிலுக்கு ஒரு மூடி

"மூடி தேடிக் கடைகடையா அலையறதுக்கு வேற ஆளைப் பாரு!"

லிஃப்ட் மெக்கானிக் மனைவியிடம் இப்படி முழங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுடைய அலமாரியில் பழைய சென்ட் பாட்டில்கள் முப்பத்தொன்று. பாதிக்குச் சரியான மூடி கிடையாது. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்?

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "என்னங்க, அலமாரியைக் கொஞ்சம் தூசி தட்டி வைங்க."

மனுஷன் நீல பாட்டிலைத் தொட்டார், அவ்வளவுதான். கண்ணாடி மூடி கீழே விழுந்து சுக்குநூறாகிவிட்டது. அவளுடைய உயிரே அந்த பாட்டிலில்தான் இருந்தது!

"செத்தேன்!" என்றவர் பல்லைக் கடித்தார். "அவளுக்குத் தெரியறதுக்குள்ள வேற மூடி போடலைன்னா நான் மெக்கானிக்கே இல்லை!"

பாட்டிலை டூல் பையில் ஒளித்தார். காலி இடத்துக்குப் பக்கத்து பாட்டிலை நகர்த்தினார். திரும்பி வந்த மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது கடையில் பழைய சாமான்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"மூடி இருக்கு சார். ஆனா ஒவ்வொண்ணும் அதது பாட்டிலோட சேர்த்துத் தேய்ச்சது. வேற கழுத்துல உக்காராது."

"நான் உக்கார வைக்கிறேன்யா! கொஞ்சம் பருமனா ஒண்ணு எடு."

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் லிஃப்ட் மோட்டார் அறையில்தான். மூடியில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் தடவி, பாட்டில் கழுத்தில் வைத்து இப்படி அரைச் சுற்று, அப்படி அரைச் சுற்று. விரல் தோல் உரிந்தது. ஆளும் அரையாகிவிட்டார். விட்டாரா? பத்தாம் நாள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை!

அன்று மாலையே பாட்டில் அலமாரி ஏறியது. மறுநாள் காலை மனைவி அதை எடுத்தாள். மூடியைத் திருகினாள், இழுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள். மெக்கானிக் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அப்பாடா!" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தாங்க கச்சிதமா உக்காருது. இதுக்கு மூடி போட மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க."

"அப்போ... அன்னிக்கு உடைஞ்சது?" வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அதுவா? பழைய எண்ணெய்க் குப்பியோட மூடி. சும்மா மேல வச்சிருந்தேன்."

அவர் திறந்த வாயை மூடுவதற்குள், தூசித் துணியை அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பச்சை பாட்டிலையும் கொஞ்சம் துடைச்சிடுங்க."