மேஸ்திரியை நெய்வேலிக்கு அனுப்புவது சம்பந்தமாக

பழவேற்காடு,
13.11.1983

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அக்கா எலிசபெத் அவர்களுக்கு, தம்பி மாசிலாமணி பணிவுடன் எழுதும் கடிதம். இங்கு நான், ஜெசிந்தா, பாப்பா ரோஸி மூவரும் மாதாவின் தயவால் நலம். பூனையும் நலம். அது சாதாரண நலம் இல்லை, இந்த வீட்டில் இப்போது நிம்மதியாகத் தூங்கி எழுகிற ஒரே ஜீவன் அதுதான். தாங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

நிற்க. "நைனாவோட மேஸ்திரி எப்படி இருக்கான்?" என்று போன கடிதத்தில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது மூடி போட்ட நல்ல கூடை ஒன்று கொண்டுவந்து, மேஸ்திரியைத் தங்களோடு நெய்வேலிக்கு அழைத்துப்போக வேண்டும். ஏன் என்று கேட்டால் கதை பெரிது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

போன மாதம் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாங்க. முக்காலியில் உட்கார்ந்தாங்க, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாங்க. சேலையில் தூண்டில் முள். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "தவழ்ற குழந்தை இருக்கிற வீடா சார் இது?" என்று கேட்டாங்க. என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவங்க சொன்னதில் பாதியை நான் காதில் வாங்கவில்லை, ஆனால் ஜெசிந்தா ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். தரையில் கிடக்கிற முள், எட்டுகிற இடத்தில் மண்ணெண்ணெய் பாட்டில், சிம்னி விளக்கு, அருவாமனை, மூடாத தண்ணித் தொட்டி என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் தூளியை விலக்கிப் பார்த்தாங்க. பாப்பா ஜெசிந்தா இடுப்பில் இருந்தாள். தூளிக்குள்ளே மேஸ்திரி மல்லாந்து படுத்து, நாலு காலையும் மேலே தூக்கி, யாராவது ஆட்டிவிட மாட்டார்களா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்ட்டாங்க.

அக்கா, நாம் வளர்ந்ததும் இதே வீடுதானே. அப்போ எந்த நர்ஸம்மா வந்தாங்க? அம்மா இறால் தரம் பிரிக்கப் போகும்போது வலைக்கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பிலும் இன்னொரு முனையை நடுத்தூணிலும் கட்டிட்டுப் போவாங்களாம், நான் நாளெல்லாம் தூணைச் சுத்திச் சுத்தித் தவழ்ந்து, கயிறு தீர்ந்ததும் தூணோட ஒட்டிக்கினு அழுவேனாம், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னை எதிர்ப்பக்கமா சுத்திச் சுத்தி அவிழ்ப்பியாம். இன்னிக்கும் நான் நடக்கும்போது கொஞ்சம் இடப்பக்கமா வளையறேன்னு நீதானே சிரிப்பே. (நீங்கள் நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமே நீன்னே எழுதுறேன், மன்னிச்சுக்கோ.) இதையெல்லாம் ஜெசிந்தாகிட்ட சொன்னேன். "அதனாலதான் நீ இப்படி இருக்கே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா.

ஒன்பது வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள. அவ பயப்படறதுல தப்பு சொல்ல முடியுமா? எனக்கும்தான் பயம். அதனால நான் வேலையில எறங்கினேன். முள்ளு அத்தனையும் பொறுக்கி பிஸ்கெட் டப்பாவுல போட்டு உத்தரத்துல கட்டினேன். அருவாமனையை சைக்கிள் சங்கிலி போட்டுத் தூணோட பூட்டினேன், சாவியை ரொம்ப பத்திரமான ஒரு எடத்துல வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு எதுக்கு அந்த எடத்தைத் தேர்ந்தெடுத்தேன்னுதான் ஞாபகம் இருந்துச்சு, எந்த எடம்னு ஞாபகம் இல்ல. ஜெசிந்தா தூணைக் கட்டிப்புடிச்ச மாதிரி குந்திக்கினு மடவை மீனை ஆய்ஞ்சா, அவ முதுகுப்பக்கம் இருந்த சட்டியிலேந்து மேஸ்திரி ஒவ்வொண்ணா எடுத்துக்கினு போய்ட்டான். அவ திரும்பிப் பார்க்கறதுக்குத் தூணைச் சுத்தி வரணும், அதுக்குள்ள அவன் கூரை மேல. அடுத்தது, பாப்பா சமையல் பக்கம் போகக் கூடாதுன்னு பழைய இறால் வலையை நெடுக்க வேலி மாதிரி கட்டினேன். முதல்ல மாட்டினவன் நம்ம படகுப் பங்காளி ஆதிகேசவன். வெளிச்சத்துலேந்து குனிஞ்சு உள்ள வந்தவன் தலையோட போய் விழுந்து, கையை ஆட்டி ஆட்டி இன்னும் சுத்திக்கினு, "இன்னாடா மாசிலா, ஏரியில மீன் இல்லன்னு வூட்டுல மனுஷனைப் புடிக்கிறியா?"ன்னு கத்தறான். அவனை எடுக்கப்போய் நானும் மாட்டினேன். பாப்பா வலைக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் போய்ட்டா, மேஸ்திரி எங்க ரெண்டு பேரையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, எடுத்துக்கினு போற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சானோ என்னவோ, வெளியே போய்ட்டான்.

அந்தப் பேரு வச்சது நீதானே அக்கா. என் கல்யாணத்துக்கு வந்திருந்தே. நைனா இறால் கூடையில கெடந்த குட்டியைத் தூக்கி வந்து ஒரு வாரம்கூட ஆகல. படகைக் கரையேத்த ஏழெட்டுப் பேரு மூச்சு வாங்கித் தள்றோம், அது எங்களுக்கு முன்னாடி வாலைத் தூக்கிக்கினு நடக்குது, நடுநடுவுல நின்னு திரும்பிப் பார்க்குது. "மேஸ்திரி வராரு, வழி விடுங்க"ன்னு நீ சொன்னே, நைனா சிரிச்ச சிரிப்புல படகு ரெண்டு அடி பின்னால போச்சு. அது மாதிரி அவர் சிரிச்சு அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல. அம்மா போனதுக்கப்புறம் அதுதான் முதல் சிரிப்புன்னு நெனக்கிறேன்.

விஷயத்துக்கு வரேன். பூனை எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே காவல் காக்க முடியும்னு ஆரம்பாக்கம் சந்தையில ஆட்டு மணி ஒண்ணு வாங்கிவந்து மேஸ்திரி கழுத்துல கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கினேன். அரை நாள்தான். மணிச் சத்தம் கேட்டா பாப்பாவுக்கு உசுரு. அவன் கட்டிலுக்கு அடியில போனா இவளும் கட்டிலுக்கு அடியில, அவன் அடுப்பங்கரைக்குப் போனா இவளும் அடுப்பங்கரைக்கு, அவன் தண்ணித் தொட்டி மேல ஏறினா இவ தொட்டியைப் புடிச்சுக்கினு முட்டி போட்டு நிக்கறா. இந்த வூட்டுல எங்கெங்க ஆபத்து இருக்குன்னு அவளுக்குத் தெரியாம இருந்துச்சு, நான்தான் மணி கட்டிக் காட்டிக் குடுத்தேன். ஜெசிந்தா மணியை அறுத்து ஏரிப் பக்கமா வீசிட்டு, "யோவ், ஒண்ணு இந்தப் பூனை இங்க இருக்கணும், இல்லன்னா நானும் புள்ளையும் இருக்கணும்"னு சொல்லிட்டா.

ஆதிகேசவன் யோசனை சொன்னான், "எளாவூர் செக்போஸ்ட்ல எதுனா ஆந்திரா லாரியில ஏத்தி வுடு, போயி தெலுங்கு கத்துக்கட்டும்"னு. எனக்கு மனசு வரல. இருக்கம் தீவுல மீன் காய வைக்கிறவங்க இருக்காங்க, அங்க விட்டா பட்டினி இருக்காதுன்னு ஒரு புதன்கிழமை காலையில மீன் கூடையில வச்சு மூடிப் படகுல ஏத்தினேன். ஜெசிந்தா வாசல்ல நின்னு ஒரு பொட்டலம் கருவாடு குடுத்தா. "போற எடத்துல மொத நாள் யாரும் போட மாட்டாங்க"ன்னா. என் மூஞ்சியைப் பார்க்கல.

பாதி ஏரி தாண்டினதும் கூடைக்குள்ள ஒரே சத்தம், பாவம்னு மூடியைத் தொறந்தேன். வெளிய வந்தான், உடம்பை நெட்டி முறிச்சான், நேரா அணியத்துல, படகோட முன் நுனியில, போய் முன்னால பார்த்துக் குந்தினான். உனக்குத் தெரியுமே, நைனா தண்ணி அமைதியா இருக்கிற நாள்ல அவனைக் கூட்டிக்கினுதான் போவாரு. பின்னால நின்னு கழி போட்டுக்கினே, "இன்னா மேஸ்திரி, காத்து எந்தப் பக்கம்?"னு கேப்பாரு. அவன் காது எந்தப் பக்கம் மடங்குதோ அந்தப் பக்கம்னு வச்சுக்குவாரு, பல நாள் தப்பாப் போகும், அப்பவும் அவனை ஒண்ணும் சொல்ல மாட்டாரு, திட்டு எனக்குத்தான் விழும். அன்னிக்கு நான் வேணும்னு கேக்கல அக்கா, வாயிலேந்து தானா வந்துடுச்சு. "இன்னா மேஸ்திரி, காத்து எந்தப் பக்கம்?" அச்சு அசல் நைனா குரல். அவன் சட்டுனு திரும்பினான். என்னைப் பார்க்கல, எனக்குப் பின்னால பார்த்தான், படகோட கடைசி வரைக்கும் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்துக்கினே இருந்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். பாப்பா வயித்துல இருக்கிற சேதி தெரியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி போய்ட்டாரு நைனா. அவருக்காக அழுவறதா, அவர் பார்க்காம போனதுக்கு அழுவறதான்னு அப்பெல்லாம் எனக்குப் புரியல. அன்னிக்கு நடு ஏரியில அழுதேன். பார்த்தது பூனை ஒண்ணுதான், அது யார்கிட்டயும் சொல்லாது, நீயும் மாமாகிட்ட சொல்லாதே. படகைத் திருப்பிட்டேன்.

கரையில ஜெசிந்தா கேட்டா. எதிர்க்காத்து பலமா அடிச்சுது, போக முடியலன்னேன். பின்னாடியே வந்த ஆதிகேசவன், "காத்தா? ஏரி கண்ணாடி மாதிரி கெடந்துச்சேடா"ன்னான். சிநேகிதன்னா இவன்தான். ஜெசிந்தா கூடையை என் கையிலேந்து வாங்கிக்கினு, "உனக்குன்னு அடிக்குது பாரு ஒரு காத்து"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டா.

இப்போ எழுதப்போறதை எழுத எனக்கு வெக்கம். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சிட்டுக் கீழ விட்டேன். கொஞ்ச நேரத்துல ஜெசிந்தா, "அசையாதே"ன்னு மெதுவா சொன்னா. பாப்பா கையில தூண்டில் முள்ளு. கொடுவா புடிக்கிற பெரிய முள்ளு. என் சட்டைப் பையில மறந்து கெடந்தது, கொஞ்சும்போது உருவிக்கினா. வாய்க்கிட்ட கொண்டுபோறா. நான் ஓடியிருந்தா பயந்து வாயில போட்டிருப்பா. ஜெசிந்தா தரையில குந்தி, வாழைப்பழத்தை உரிச்சு நீட்டி, "கண்ணு, இது யாருக்கு?"ன்னா. பாப்பா முள்ளைப் போட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டினா. அவ்வளோதான். ஜெசிந்தா முள்ளை எடுத்து பிஸ்கெட் டப்பாவுல போட்டா. மேஸ்திரி எங்கன்னு தேடினேன், அவன் மேல பரண்ல தூங்கிக்கினு இருக்கான், இதுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல. அவன் மேல பழி போட முடியலியேன்னு அந்த நேரத்துலயும் ஒரு வருத்தம். ஜெசிந்தா என்னைத் திட்டல. "நர்ஸம்மா எல்லாம் சொன்னாங்க, உன்னை மட்டும் சொல்லாம வுட்டுட்டாங்க"ன்னா.

அன்னியிலேந்து சட்டையைப் படகுலயே கழட்டி உதறிட்டுத்தான் வூட்டுக்கு வரேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுபோச்சு. பாப்பாவைப் பார்க்கணும், என்னை நான் பார்க்கணும், பூனையையும் பார்க்கணும்னா எனக்குக் கண்ணு பத்தாது. கிறிஸ்துமஸுக்கு அக்காகிட்ட குடுத்துடறேன்னு ஜெசிந்தாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். நெய்வேலியில மீன் கெடைக்காதுன்னு தெரியும், தயிர் சோறு பழக்கு, ரெண்டு நாள் மூஞ்சியைத் திருப்புவான், அப்புறம் தின்பான். தட்டை வச்சுட்டுப் போய்டாதே, பக்கத்துல குந்தி எதுனா பேசணும், நைனா பழக்கம் அது. நிலக்கரி தூசியில வெளிய விடாதே. காதுக்குப் பின்னால தடவினா கடிப்பான், தாடைக்குக் கீழ தடவு.

மாமாவுக்கு என் வணக்கம். உங்க ரெண்டு பேருக்கும் நோய் நொடி அண்டாம இருக்க மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தியிருக்கோம். பாப்பா சார்பா அத்தைக்கு முத்தம், அவ எச்சில் இந்தக் காகிதத்து ஓரத்துல பட்டிருக்கு, அதையே கையெழுத்தா வச்சுக்கோ.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
சி. மாசிலாமணி

பின்குறிப்பு: கூடை கொண்டுவர வேண்டாம். கவரை ஒட்டறதுக்கு முன்னாடி ஜெசிந்தா கடிதத்தை வாங்கிப் படிச்சா. நெய்வேலியில எப்படிப் பார்த்துக்கணும்னு எழுதின எடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழ வச்சுட்டுப் போய் மேஸ்திரியைத் தூக்கி மடியில வச்சுக்கினா. "யாரு சொன்னா குடுக்கச் சொல்லி?"ன்னு என்னையே கேக்கறா. "நீதானேடி சொன்னே"ன்னேன். அவன் தாடைக்குக் கீழ தடவிக்கினே இருந்தா. அப்புறம் சொன்னா: "ஒம்பது வருஷம். கோயில்ல, தண்ணிக் கொழாய்ல, மீன் கூடை தூக்கப் போற எடத்துல, எல்லாரும் என் வயித்தைப் பார்த்துத்தான் பேசுவாங்க. இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லியான்னு என்கிட்ட ஒரு நாளும் கேக்காம கூடவே குந்தியிருந்தது இது ஒண்ணுதான்." அந்தக் கேள்வியை நீயும் ஒவ்வொரு கடிதத்துலயும் கேட்டிருக்கே அக்கா, நானும் கேட்டிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு நீயும் மாமாவும் வாங்க.