பக்கத் திட்டம்

பாரத தேசத்தில் கம்ப்யூட்டருக்கு உரிய மரியாதையை முதன்முதலில் செய்தது பம்பாயும் இல்லை, பெங்களூரும் இல்லை. ஏற்காட்டில் இருக்கும் எங்கள் 'சேர்வராயன் மலைக் காப்பி விவசாயிகள் நலச் சங்கம்'தான். சங்கத்தின் செயலாளரான நானே இதைச் சொன்னால் தற்பெருமை ஆகும். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

1992-ல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கம்பளி போர்த்தி, ஜீப்பின் முன்சீட்டில் அது வந்து சேர்ந்தது. தலைவர் பெரியநாயகம் பின்சீட்டில் வந்தார். கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. வேண்டும் என்று சேலத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகவே, மார்கழியில் மூக்கு விறைக்கும் ஊரில் ஏ.சி. பொருத்தினோம், செருப்பை வெளியே விட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். குறை ஒன்றுதான்: அதை இயக்க ஆள் இல்லை.

'புரோகிராமர் தேவை' என்று விளம்பரம் கொடுக்கவிருந்த சமயத்தில் தலைவர் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் போய், ஞானம் பெற்றுத் திரும்பினார்.

"ஆறுமுகம், அங்கெல்லாம் ஆபீசுல செய்யற வேலைய எவனும் மதிக்கறதில்ல. ஊட்டுல உக்காந்து, கூலி வாங்காம, ஆசைக்குன்னு தனியா ஒரு புரோகிராம் எழுதியிருக்கோணும். அதுக்குப் பேரு சைடு புராஜெக்டு. அது இருக்கறவனத்தான் வேலைக்கு எடுக்கறாங்க."

இந்த உயர்ந்த தத்துவத்தை 'பக்கத் திட்டம்' என்று தமிழாக்கி விளம்பரத்தில் சேர்த்தேன். கமிட்டி உறுப்பினர் அங்கப்பன் மஞ்சக்குட்டை விவசாயி. எதையும் தெளிவாகக் கேட்பவர். "ஏனுங்க செயலாளரு, எத்தன பக்கமுங்க?" என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை. 'நாற்பது பக்கத்துக்குக் குறையாமல்' என்று சேர்த்துவிட்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் பாலசுப்பிரமணியம், சேலத்து ஜவுளிக்கடைக்காரர் மகன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு ஃபிளாப்பி, கூடவே அச்சடித்த தாள் நாற்பத்திரண்டு பக்கம். தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு ஏற்காட்டில் மழை வருமா என்று சொல்லும் புரோகிராம். அவருடைய 'சொந்தப் படைப்பு'. அவரே மூன்று தேதிகளைத் தட்டிக் காட்டினார். மூன்றுக்கும் 'மழை வரலாம்' என்றது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கமிட்டிக்குப் புல்லரித்தது, ஏ.சி.யும் காரணமாக இருக்கலாம்.

தலைவர் ஆசைப்பட்டுத் தம் பிறந்த தேதியைத் தட்டினார். திரை அப்படியே நின்றுவிட்டது. பாலசுப்பிரமணியம் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

அப்போது வாசலில் காத்திருந்த இரண்டாமவர் எட்டிப் பார்த்தார். பெயர் மல்லிகா, பக்கத்துத் தலைச்சோலை கிராமத்துப் பெண். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. முதல் பஸ்ஸில் மலை இறங்கிக் கடைசி பஸ்ஸில் ஏறி வருகிறவர். அம்மா வெள்ளையம்மாளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. இந்த வேலை கிடைத்தால் பக்கத்திலேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனுவிலேயே எழுதியிருந்தார். மனுவில் உண்மையை எழுதுவது அனுபவக் குறைவைத்தான் காட்டுகிறது.

"வருசத்த நாலு எண்ணாப் போடோணுமுங்க. ரெண்டு எண்ணு போட்டா நின்னுக்குமுங்க" என்றபடி வந்து எதையோ தட்டினார். 'மழை வரலாம்' என்றது திரை.

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்றார் தலைவர்.

"நான் எழுதுனதுதானுங்க. இவிய அப்பா எங்க சென்டருல ஆர்டர் குடுத்தாருங்க. நாப்பது பக்கத்துக்கு மேல வரோணும்னு சொன்னாருங்க."

வேறு அலுவலகமாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எங்கள் கமிட்டி அப்படி அவசரப்படாது.

"காசு குடுத்து வாங்குனதுங்க. அப்ப என்னோட சொந்தந்தானுங்களே?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"நாயந்தானுங்க" என்றார் அங்கப்பன். "என்ர தோட்டம் நான் வாங்குனது. அதுக்காக மண்ண நானா செஞ்சன்?"

தலைவர் மல்லிகா பக்கம் திரும்பினார். "நீ சொந்தமா என்ன செஞ்சிருக்கற?"

"பதினோரு புரோகிராம் எழுதியிருக்கறனுங்க. சேலத்துல ரெண்டு ஆசுபத்திரியில நான் எழுதுனதுதான் ஓடுதுங்க."

"அதெல்லாம் சம்பளத்துக்குச் செஞ்சது. வேலை. அது தகுதியில சேராது."

"வேலைக்குத்தானுங்களே ஆள் கேட்டிருக்கறீங்க?"

தலைவருக்கு இது துடுக்காகப் பட்டது. "ஊட்டுல ஆசைக்குன்னு ஒண்ணுமே எழுதலியா?"

"ஊட்டுல கம்ப்யூட்டர் இல்லீங்க. கரண்டே போன வருசந்தானுங்க வந்துச்சு."

"அப்ப ஆர்வம் இல்லைன்னு சொல்லு."

"ஆர்வம் நொம்ப இருக்குதுங்க. பஸ்ஸுதான் இல்லீங்க."

பாலசுப்பிரமணியம் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மல்லிகா எங்கள் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூட்டக் குறிப்பில் அதற்கென்று தனி இடம் இல்லாததால் எழுதவில்லை.

எங்கள் சங்கத்தில் அறுபத்து மூன்று மாதேஸ்வரன்கள் இருக்கிறார்கள். அவர்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுவதுதான் கம்ப்யூட்டரின் முதல் கடமை. புதிய புரோகிராமர் நான்கு மாதம் உழைத்து அறுபத்து மூவரையும் ஒருவராக்கினார். ஆன்மிக ரீதியில் இது சரியாக இருக்கலாம். ஆனால் அத்தனை பேருக்கும் சேர வேண்டிய, காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மர நாற்றுகள், லாரி லாரியாக, அடிவாரத்துக் குப்பனூர் மாதேஸ்வரன் வீட்டு வாசலில் போய் இறங்கின. மீதி அறுபத்திரண்டு மாதேஸ்வரன்களும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடித் தீர்மானம் போட்டது: 'செல்வி மல்லிகா ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வந்து, ஊதியம் ஏதுமின்றி, தம் சொந்த ஆர்வத்தின்பேரில் பட்டியலைச் சரிசெய்ய அனுமதிக்கப்படுகிறார். இது அவருடைய பக்கத் திட்டமாகக் கருதப்பட்டு, அடுத்த காலியிடத்தின்போது பரிசீலிக்கப்படும்.' கருணை ததும்பும் இந்தக் கடிதத்தைப் பஸ் நிலையத்தில் நானே அவரிடம் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தார். "சம்பளம் இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. குடுத்தா அது வேலையாயிருமே."

"ஞாயித்துக்கெழம ஒரு நாளுதானுங்க எங்கம்மாவப் பகல்ல பாக்கறன். வேலையாக் குடுங்க, இன்னிக்கே வர்றன். சும்மா வரமாட்டனுங்க." கடிதத்தை மடித்து என் கையிலேயே திணித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

கமிட்டியில் இதைச் சொன்னேன். தலைவர் மேஜையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! நான் அன்னிக்கே நெனச்சன். அந்தப் புள்ள வேலைக்காகத்தான்யா வேலை கேட்டிருக்குது!"

கமிட்டி அதிர்ந்துபோனது. பிறகு நான் எழுத, ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட குறிப்பு இது: 'வேலை செய்வதற்காகவே ஒருவர் வேலை கேட்டு வந்தது சங்கத்தின் முப்பது ஆண்டு வரலாற்றில் இதுவே முதல் முறை. இத்தகையவரை வைத்துக்கொள்ளச் சங்கத்தில் வசதி இல்லை.'