ஏழெழுத்தாரும் ஆறெழுத்தாரும்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்போ சக்கரமோ அல்ல, குடும்பப் பெயர்தான். சக்கரத்தில் ஏறினால்கூட எங்காவது போயாக வேண்டும். குடும்பப் பெயரோ உட்கார்ந்த இடத்திலேயே ஒருவனை அமைச்சருக்குப் பேரனாக்கிவிடுகிறது.

இந்த மகத்தான செல்வத்தைப் பதிவு அலுவலகத் தலைமை எழுத்தர் முப்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வந்தார். ஓய்வு பெற இன்னும் ஒன்பது நாள். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதை ஏழு எழுத்தில் எழுதுவோர் அமைச்சர் வழி. ஆறு எழுத்தில் எழுதுவோர் தளபதி வழி. இரு தரப்பும் சேர்ந்த ‘குலப்பெயர்ப் பேரவை’ பதினொரு முறை கூடி, நாற்காலிகளைத் தனித்தனியாகப் போடுவது என்று மட்டும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

அன்று காலை பேரவைத் தலைவரே நேரில் வந்தார். அவர் ஏழெழுத்தார்.

“நம்ம பேரோட மூலத்த எடுத்துக் குடுங்க சார். கல்லுல பொறிக்கணும்.”

எழுத்தர் நூறாண்டுக்கு முந்தைய முதல் பதிவேட்டைத் தூசி தட்டிப் புரட்டினார். குடும்பப் பெயரே இல்லாமல் வந்தவர்கள் ஏராளம். ஆனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது விதி. ஆகவே அன்றைய எழுத்தர் தன் பெயரையே எல்லாருக்கும் போட்டிருந்தார். காலையில் வந்தவர்களுக்கு ஏழு எழுத்து. சாப்பாட்டுக்குப் பின் வந்தவர்களுக்கு, உண்ட மயக்கத்தில், ஆறு. ஓரத்தில் நேரம் தெளிவாக இருந்தது.

“அப்ப அமைச்சரு?”

“வரல சார்.”

“தளபதி?”

“அவரும் வரல. மத்தியானம்தான் வந்திருக்கு.”

தலைவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, ஓரத்து நேரங்களை விரல் வைத்துப் படித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “ஆக, நாம ஒரு அரசாங்க அதிகாரியோட வாரிசு! அதுலயும் நாங்க காலையிலயே வந்தவங்க!”

அவர் போன கையோடு ஒரு தையற்காரப் பெண் மனுவை நீட்டினாள். அவளும் அண்ணனும் இரட்டையர். கடல் கடந்து வேலை பார்க்கும் அவன் அவளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தான். உடன்பிறந்தவள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்று காட்டாவிட்டால் அனுமதி ரத்து. அவன் ஏழெழுத்து. இவள் ஆறெழுத்து.

சற்று முன் எழுத்தர் படித்ததை அலுவலகம் இன்னும் ‘அதிகாரபூர்வமாக’ அறிந்திருக்கவில்லை. எனவே பரிவோடு சொன்னார்: “இது வேற வேற வம்சம்மா. ஒரே நாள்ல பொறந்தது தற்செயல்.”

“ஒரே வயித்துலயுமா சார்?”

“அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே.”

“எங்க பதிவ ஒரு தடவ எடுத்துப் பாத்துடுங்க.”

பார்த்தார். இருபத்தெட்டு ஆண்டுக்கு முந்தைய பக்கம். ஓரத்தில் பதிவு நேரம்: அண்ணன், பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. தங்கை, இரண்டு ஐந்து. இரண்டும் ஒரே கையெழுத்து. அவருடைய கையெழுத்து.

எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலப்போக்குல உச்சரிப்பு தேயும்மா. இத ஆராய்ச்சியாளர்கள்...”

“எங்கப்பா ரெண்டு புள்ளையையும் மடியில வச்சுக்கிட்டு இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாராம். எங்கம்மா ஆறே நிமிஷத்துல ரெண்டு பேரையும் பெத்தாங்க சார். நடுவுல சாப்பிடப் போகல.”

மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. பக்கத்து மேசைக்காரர் டிபன் பாக்ஸோடு எழுந்தார். “வாங்கண்ணே, வந்து பாத்துக்கலாம்.”

எழுத்தர் பாதி எழுந்தார். பெஞ்சைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து திருத்தப் படிவத்தை எடுத்து, அவளுடைய ஏழாவது எழுத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அடியில் ‘பிழை செய்தவர்’ என்று ஒரு கட்டம். அலுவலக மரபுப்படி அதில் ‘காலம்’ என்று எழுதுவார்கள். அவர் தன் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

நூறாண்டாக அந்த அலுவலகம் காலிக் கட்டங்களில் பெயர்களை நிரப்பி வருகிறது. சரியான கட்டத்தில் சரியான பெயர் விழுந்தது அதுவே முதல் தடவை.